பூட்டிய வீடுகள்: ஒரு தேர்தல் கால நாட்குறிப்பு

ஜூலை 15, 2024, திங்கள்

அலுவலகத்தில் இருந்தபோதே செய்தி வந்துவிட்டது. டிரம்ப் தன் துணை அதிபர் வேட்பாளராக ஒஹாயோ செனட்டர் ஜே.டி. வான்ஸை அறிவித்திருக்கிறார். வயது 39. மில்வாக்கியில் குடியரசுக் கட்சி மாநாடு இன்றுதான் தொடங்கியது. சனிக்கிழமை பட்லரில் டிரம்ப் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டின் அதிர்ச்சியே எங்களுக்கு இன்னும் தீரவில்லை. பிட்ஸ்பர்க்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர் அது.

மாமா வந்து மூன்று வாரம் ஆகிறது. மன்னார்குடிக்காரர். மத்திய அரசின் மாதிரி ஆய்வுகளுக்காக முப்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவர். சென்ற முப்பது நாளில் எத்தனை கிராம் புளி வாங்கினீர்கள், எத்தனை லிட்டர் மண்ணெண்ணெய் எரித்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதியவர். வான்ஸின் மனைவி உஷாவின் பெற்றோர் ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் என்று என் மனைவி சொன்னதும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “அப்படியானால் ஒரு பக்கம் மன்னார்குடிப் பேத்தி, மறு பக்கம் ஆந்திரா மாப்பிள்ளை. துணை அதிபர் பதவி எப்படியும் நம் பக்கம்தான்” என்றார். கமலா ஹாரிஸின் தாத்தா கோபாலனின் பூர்வீக ஊரான துளசேந்திரபுரம் மன்னார்குடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பிறகு கருத்துக்கணிப்பைக் காட்டினேன். பைடன் தேசிய அளவில் இரண்டு மூன்று புள்ளி பின்தங்கியிருக்கிறார். ஆயிரம் பேரிடம் கேட்டால் பிழை வரம்பு கூடவோ குறையவோ மூன்று புள்ளி என்று விளக்கினேன். எனக்குச் சோறு போடுவதே புள்ளிவிவரம்தான், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“அது சரி மாப்பிள்ளை, எத்தனை வீடு பூட்டியிருந்தது?” என்று கேட்டார்.

புரியவில்லை. இரவு படுத்த பிறகுதான் புரிந்தது.

ஜூலை 22, திங்கள்

நேற்று மதியம் பைடன் போட்டியிலிருந்து விலகிவிட்டார். ஒரே ஒரு கடிதம். மூன்று வாரமாக நான் சேர்த்து வைத்திருந்த வரைபடங்கள் எல்லாம் குப்பை. மாமா தொலைபேசியில் மன்னார்குடியோடு பேசிக்கொண்டே இருக்கிறார். இனி ஹாரிஸுக்குத் துணை அதிபர் வேட்பாளர் யார் என்பதே வீட்டில் பேச்சு. எங்கள் ஆளுநர் ஜோஷ் ஷாபிரோவா, அரிசோனாவின் மார்க் கெல்லியா, மின்னசோட்டாவின் டிம் வால்ஸா?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வால்ஸ்!

எனக்குக் கோபம். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகளில் பென்சில்வேனியாவுக்கு 19. அதை இழந்துவிட்டு வெள்ளை மாளிகைக்குப் போவது யாருக்குமே கடினம். 2022-இல் ஷாபிரோ ஏறக்குறைய 15 புள்ளி வித்தியாசத்தில் ஆளுநரானவர். கையில் வெண்ணெய் இருக்க, நெய்க்காக மின்னசோட்டா வரை போயிருக்கிறார்கள். அந்த மாநிலம் கடைசியாகக் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தது 1972-இல். அங்கே ஆள் எடுத்து என்ன லாபம்? மாலையில் பிலடெல்பியா கூட்டத்தில் ஷாபிரோ பேசிய பேச்சைக் கேட்டபோது வயிற்றெரிச்சல் இன்னும் கூடிவிட்டது.

மாமா காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “சொந்த மாநிலத்தை வாங்கிக் கொடுத்த துணை வேட்பாளர் யாராவது உண்டா?”

1960, லிண்டன் ஜான்சன், டெக்சாஸ் என்றேன். அடுத்து? யோசித்தேன். 2004-இல் ஜான் எட்வர்ட்ஸ் வட கரோலினாவை வாங்கித் தரவில்லை. 2012-இல் பால் ரயனால் விஸ்கான்சின் வரவில்லை. 1988-இல் லாயிட் பென்ட்சன் கதை இன்னும் வேடிக்கை. அதே டெக்சாஸ், அதே நாள், அதே வாக்குச்சீட்டு. தன் செனட் இடத்தில் சுலபமாக ஜெயித்தார், துணை அதிபராகத் தோற்றார். அவருக்குப் போட்ட கையே அவருடைய அதிபர் வேட்பாளர் டுகாகிஸுக்குப் போட மறுத்துவிட்டது.

“ஊர்க்காரன் என்பதற்காகப் பெண் கொடுப்பார்கள், மாப்பிள்ளை. வாக்கு வேறு.”

பந்தயம் கட்டினோம். ஹாரிஸ் தோற்றால் அது ஷாபிரோ இல்லாததால்தான் என்பது என் கட்சி. ஷாபிரோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றே என்பது அவர் கட்சி. தோற்றவர் ஒரு வாரம் காலையில் எழுந்து டிகாஷன் போட வேண்டும். ஹாரிஸ் ஜெயித்துவிட்டால் என்ன செய்வது என்று இருவருமே யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

இன்று அஞ்சல் பெட்டியில் பளபளப்பான அட்டைத் துண்டறிக்கை ஐந்து. மாமா எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வைக்கிறார். எதற்கு என்று கேட்டால் சிரிக்கிறார்.

செப்டம்பர் 14, சனி

இன்றைய சம்பவத்தை எழுதாமல் விட்டால் மனைவி கோபித்துக்கொள்வாள்.

இணையத் தொகுப்போடு இலவசமாக வந்த வீட்டுத் தொலைபேசி ஒன்று எங்களிடம் இருக்கிறது. மாமா, மாமிக்கு ஊரிலிருந்து அழைப்பு வருவதற்காக வைத்திருக்கிறோம். அது அடித்தது, மாமா எடுத்தார். கருத்துக்கணிப்பு. நீங்கள் பதிவு செய்த வாக்காளரா என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள். இல்லை, நான் விருந்தாளி என்றிருக்கிறார். நன்றி சொல்லி வைக்கப் போனவளை விடவில்லை. இன்று எத்தனை எண்கள் அழைத்தாய், எத்தனை பேர் எடுத்தார்கள், எத்தனை பேர் பாதியில் வைத்தார்கள், மதியம் சாப்பிட்டாயா என்று வரிசையாக விசாரித்திருக்கிறார். பாவம், அவளும் நான்கு நிமிடம் பேசியிருக்கிறாள். ஆக, அழைத்தவள் பதிலளித்தாள், அழைக்கப்பட்டவர் கேள்வி கேட்டார்.

“நூறு பேருக்கு அடித்தால் இரண்டு மூன்று பேர்தான் பேசுகிறார்களாம்” என்று வந்து உட்கார்ந்தார். “எங்கள் காலத்தில் பத்து வீட்டில் இரண்டு பூட்டியிருந்தாலே மேலதிகாரி குதிப்பார்.”

எத்தனை வீடு பூட்டியிருந்தது என்று ஜூலையில் அவர் கேட்டதன் பொருள் இதுதான். ஒரு வீடு பூட்டியிருந்தால் வேறொரு வீட்டை மாற்றாக எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஆனால் பகலில் வீடு பூட்டியிருப்பவன் நடவு நடப் போனவன். பகலில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் நிலத்துக்குச் சொந்தக்காரன். மாற்றாக எடுத்து எடுத்து, கடைசியில் திண்ணைக்காரர்களின் ஊரைத்தான் எழுதிக்கொண்டு வருவோம் என்கிறார்.

பியூ ஆய்வு மையம் தொலைபேசிக் கணிப்புகளில் பதிலளிப்போர் விகிதத்தை வெளியிட்டிருக்கிறது: 1997-இல் 36 சதவீதம், 2018-இல் 6 சதவீதம். அதற்குத்தான் எடை கொடுத்துச் சரிசெய்கிறார்கள், பட்டதாரிகள் அதிகம் பேசினால் அவர்கள் எடையைக் குறைப்பார்கள் என்றேன். 2016-இல் பல மாநிலக் கணிப்புகள் அதைச் செய்யாததும் பென்சில்வேனியாவிலும் மிச்சிகனிலும் சறுக்கியதற்கு ஒரு காரணம். மாமா ஒப்புக்கொண்டார், பாதி மட்டும். “படித்தவன், படிக்காதவன் என்று பிரிக்கலாம். பேசுகிறவன், பேசாதவன் என்று எப்படிப் பிரிப்பீர்கள்? பேசாதவன்தான் உங்கள் கணக்கிலேயே இல்லையே.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. 2020-இல் படிப்பைக் கணக்கில் எடுத்தும் விஸ்கான்சினில் ஒரு பெரிய கணிப்பு பைடனுக்கு 17 புள்ளி முன்னிலை கொடுத்தது. அவர் ஜெயித்தது ஒரு புள்ளிக்கும் குறைவாக.

அக்டோபர் 2, புதன்

நேற்று இரவு வான்ஸ், வால்ஸ் விவாதம். பதினோரு மணி வரை மாமா அசையவில்லை. சண்டை வரும் என்று முறுக்கோடு உட்கார்ந்தவருக்கு ஏமாற்றம். இருவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் ஆமோதித்துக்கொண்டு, சம்பந்திகள் மாதிரிப் பேசினார்கள். 1989-இல் தியானன்மென் சம்பவத்தின்போது ஹாங்காங்கில் இருந்ததாகச் சொன்னதைப் பற்றிக் கேட்டபோது வால்ஸ் திணறினார். 2020-இல் டிரம்ப் தோற்றாரா என்று வால்ஸ் கேட்டபோது வான்ஸ் நழுவினார். என் கணக்கில் பேச்சுத் திறமை வான்ஸுக்கு, அந்த ஒரு கேள்வி வால்ஸுக்கு.

உடனே ஒரு கணிப்பு: வான்ஸ் ஜெயித்தார் 42, வால்ஸ் ஜெயித்தார் 41, சமம் 17. “அந்தப் பதினேழு பேர்தான் ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள்” என்றார் மாமா.

விவாதத்தில் வெளுத்து வாங்கிய துணை வேட்பாளர் என்றால் மறுபடியும் அதே பென்ட்சன்தான். 1988-இல் டான் குவேலைப் பார்த்து, நீ ஜான் கென்னடி அல்ல என்று ஒரே வரியில் வாயை அடைத்தவர். அடைபட்ட வாய்க்காரர்தான் துணை அதிபரானார்.

அக்டோபர் 20, ஞாயிறு

பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். புளியோதரை வரிசையிலும் கருத்துக்கணிப்புதான். கணிப்பை எல்லாம் நம்பலாமா என்று யாரோ கேட்டதும் மாமா இந்தியாவின் கதையை எடுத்தார். இந்த ஜூன் 1-ஆம் தேதி மாலை, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350, 400 என்றார்கள். நான்காம் தேதி வந்தது 293. பெயர்பெற்ற கணிப்பாளர் ஒருவர் தொலைக்காட்சியிலேயே அழுதார். தமிழ்நாட்டில் அந்தக் கூட்டணிக்கும் சில இடம் உண்டு என்றார்கள். 39-க்கு 39 எதிரணிக்குப் போனது. பிரசாதத் தட்டோடு நின்றவர்கள் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அங்கேயே இவருக்கு ஒரு தொகுதி கொடுக்கலாம்.

எங்கள் தெருவில் இரு கட்சிப் பலகைகளும் சரிக்குச் சரி. பக்கத்து வீட்டுப் பெரியவர் தோட்டத்தில் மட்டும் எதுவும் இல்லை. எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமாவும் அவரும் தினமும் சேர்ந்து நடக்கிறார்கள். கணிப்பு அழைப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று மாமா கேட்டதற்கு, நாற்பது வருடமாக ஒன்றுக்கும் பதில் சொன்னதில்லை என்றாராம். மாமா வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: “பூட்டிய வீடு கிடைத்துவிட்டது.”

நவம்பர் 3, ஞாயிறு

நேற்று மாலையிலிருந்து எனக்குக் கால் தரையில் இல்லை. ஆன் செல்சரின் அயோவா கணிப்பு: ஹாரிஸ் 47, டிரம்ப் 44. அயோவாவில்! 2020-இல் டிரம்ப் எட்டுப் புள்ளியில் ஜெயித்த மாநிலம். இது வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் 2016-இலும் 2020-இலும் மற்றவர்கள் தடுமாறியபோது அயோவாவைச் சரியாகச் சொன்னவர் அவர்.

மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் பானையைக் கிளறிவிட்டு எடுத்த சோறா என்று பார்க்க வேண்டும்” என்றார்.

விடவில்லை நான். மற்ற கணிப்புகளைக் காட்டினேன். எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஏழு ஊசலாட்ட மாநிலங்களிலும் சமம், ஒரு புள்ளி, சமம், ஒரு புள்ளி. ஆயிரம் பேர் மாதிரியில் தற்செயலாகவே மூன்று நான்கு புள்ளி அங்கும் இங்கும் போக வேண்டும். போகவில்லை என்றால், வித்தியாசமாக வந்ததை மூடி வைக்கிறார்கள், அல்லது எடையைத் திருகி மந்தையோடு சேர்கிறார்கள். கணிப்புகளை ஆராயும் நேட் சில்வரும் இதைத்தான் சொல்கிறார்.

இதைக் கேட்டதும் மாமாவின் முகம் மாறியது. இது அவருக்குத் தெரிந்த குற்றம். “ஒருவன் எழுதிக்கொண்டு வந்த தாளில் எல்லா வீட்டிலும் மாதம் பதினைந்து கிலோ அரிசி என்றிருந்தால், அவன் வீடுகளுக்குப் போகவில்லை, டீக்கடையில் உட்கார்ந்து எழுதினான் என்று அர்த்தம். ஒரு வீட்டில் நாற்பது, ஒரு வீட்டில் மூன்று என்று இருந்தால்தான் நம்புவோம். அந்த அம்மாள் தப்பாகவே இருக்கலாம், மாப்பிள்ளை. ஆனால் வீட்டுக்குப் போயிருக்கிறாள்.”

நான்கு மாதத்தில் அவர் ஒரு கணிப்பாளரைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 5, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு வாக்களித்தேன். முன்னால் நாற்பது பேர். மாமா வெளியே நின்று வரிசையை எண்ணினார். நேற்று டிரம்ப், ஹாரிஸ் இருவருமே பிட்ஸ்பர்க்கில் கூட்டம் போட்டதால் மாலையில் சாலைகள் நகரவில்லை. துளசேந்திரபுரத்தில் பூஜை என்று படம் வந்திருக்கிறது.

நவம்பர் 7, வியாழன்

நேற்று எழுத மனமில்லை. அதிகாலை இரண்டு மணிக்கு மேல் பென்சில்வேனியா போனது. விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. ஏழு ஊசலாட்ட மாநிலங்களும் டிரம்புக்கு என்றுதான் போக்கு தெரிகிறது. அயோவாவில் 13 புள்ளி, அதுவும் டிரம்புக்கு. செல்சரின் கணக்கோடு பார்த்தால் 16 புள்ளி பிழை.

விசித்திரம் என்னவென்றால், மந்தையோடு போனவர்கள் பெரிதாகத் தவறவில்லை. எங்கள் மாநிலத்தில் சமம் என்றார்கள். வந்தது இரண்டு புள்ளிக்குள். வீட்டுக்குப் போனவர் தோற்றார், டீக்கடைக்காரர்கள் தப்பித்தார்கள். இதை மாமாவிடம் சொன்னபோது ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “டீக்கடையிலும் ஊர்ச்செய்தி கிடைக்கும்” என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 10, ஞாயிறு

பந்தயம் தீர்ந்தது. முழு எண்ணிக்கையில் தேர்வாளர் வாக்குகள் டிரம்புக்கு 312, ஹாரிஸுக்கு 226. இரண்டு புள்ளிக்குள் போன மாநிலத்தை ஷாபிரோ திருப்பியிருப்பார் என்று வாதாட வாய் திறந்தேன். மாமா பேனாவை எடுத்துத் துண்டறிக்கையின் பின்பக்கத்தில் எழுதினார்: 226 + 19 = 245. தேவை 270.

நாளை காலை முதல் டிகாஷன் நான்.

நவம்பர் 18, திங்கள்

தேர்தல் கணிப்புத் தொழிலிலிருந்து விலகுவதாக செல்சர் நேற்று எழுதியிருக்கிறார். ஓராண்டுக்கு முன்பே எடுத்த முடிவாம். படித்துக் காட்டினேன். “ஓய்வு பெறுவதற்கு முன்னால் கடைசி வீடு எல்லோருக்கும் இப்படித்தான் அமையும்” என்றார் மாமா. அவருடைய கடைசி வீட்டில் நாய் துரத்தியதாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் யாருக்குப் போட்டார் என்று கேட்டேன். கேட்கவில்லையாம்.

அடுத்த மாதம் பயணம். பெட்டியில் வான்ஸ், வால்ஸ், டிரம்ப், ஹாரிஸ் எல்லோரும் அடுக்காக இருக்கிறார்கள். மொத்தம் 143 அட்டைகள், எண்ணிவிட்டார். மன்னார்குடி வீட்டுச் சமையலறை அலமாரித் தட்டுகளில் விரிப்பதற்கு. நல்ல கெட்டித் தாள், எண்ணெய் ஊறாது என்று மாமி சொல்லிவிட்டார்களாம்.