வைவாவுக்கு 9 நாள், திறக்காத வரைபடம்

புவித்தகவலியல் முதுகலை, கடைசி செமஸ்டர். என் புராஜெக்ட் மதுரை மாவட்டக் கண்மாய்களின் இணைய வரைபடம். ஒரு கண்மாயைத் தொட்டால் அதன் பெயர், பரப்பளவு, நான் நேரில் போய் எழுதிவந்த குறிப்பு எல்லாம் பக்கத்தில் விரியும். அடியில் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், அதன்மேல் அதற்கு நில வடிவங்களைக் கையாளக் கற்றுத்தரும் போஸ்ட்ஜிஐஎஸ், நடுவில் பைத்தானில் ஓடும் இணையச் சட்டகமான ஜாங்கோவின் வரைபடப் பகுதி ஜியோஜாங்கோ, முன்னால் உலாவியில் வரைபடத்தைக் காட்டும் லீஃப்லெட். நான்கு மாதமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. வைவாவுக்கு 9 நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை இரவு, மடிக்கணினியின் இயங்குதளமான உபுண்டுவை 20.04-இலிருந்து 22.04-க்கு மாற்றினேன். ஏன் என்று கேட்காதீர்கள். திரையில் ஒரு பெட்டி வந்து கேட்டது, நானும் சரி என்றுவிட்டேன்.

காலையில் எதுவும் எழுந்திருக்கவில்லை. 9 நாளில் 6 நாள் இதற்கே போனது. இதே அடுக்கை வைத்து புராஜெக்ட் செய்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள் என்பதால், எங்கே மாட்டினேன், எப்படி வெளியே வந்தேன் என்று எழுதிவைக்கிறேன்.

முதல் நாள் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். பிழைச் செய்தியைப் பாதி படித்துவிட்டு, கண்ணில் பட்ட கட்டளையையெல்லாம் டெர்மினலில் ஒட்டினேன். எதையும் அழிக்கவில்லை, மேலும் மேலும் நிறுவிக்கொண்டே போனேன். இரவு பத்து மணிக்கு, போன வருடம் படிப்பை முடித்துப்போன சீனியரை அழைத்தேன்.

"அண்ணே, எல்லாத்தையும் திரும்ப இன்ஸ்டால் பண்ணிட்டேன். இன்னும் வரல."

"இல்லாததத் தேடாத தம்பி. ரெண்டா இருக்குறதத் தேடு."

அப்போது அது புரியவில்லை. அடுத்த ஐந்து நாளும் அதற்கு விளக்கவுரைதான்.

எளிதானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜாங்கோவை ஓட்டினால் 'ஜாங்கோ என்ற மாட்யூலே இல்லை' என்றது. நேற்று இருந்தது எங்கே போகும்? 20.04-இல் பைத்தான் 3.8, 22.04-இல் 3.10. விர்ச்சுவல் என்விரான்மென்ட் என்று நாம் வைத்திருக்கும் கோப்புறைக்குள் இருக்கும் பைத்தான், கணினியின் பைத்தானுக்குக் கைகாட்டும் ஓர் இணைப்பு மட்டும்தான். மேம்படுத்தியதும் அது 3.10-ஐக் காட்டத் தொடங்கிவிட்டது. நான் நிறுவிய தொகுப்புகளோ 3.8 என்று பெயரிட்ட உள்கோப்புறையில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கோப்புறையைச் சரிசெய்ய முயலாதீர்கள். அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கி, தேவைப்பட்டியல் கோப்பிலிருந்து மறுபடி நிறுவுங்கள். பத்து நிமிட வேலை. தேவைப்பட்டியலை முன்பே எழுதி வைத்திருந்தால்தான் பத்து நிமிடம்.

அடுத்தது தரவுத்தளம். இங்கேதான் இரண்டு நாள் போனது.

பக்கம் திறந்தது, கண்மாய்கள் வரவில்லை. சர்வரின் பதிவில் 'போஸ்ட்ஜிஐஎஸ்-3 கோப்பை அணுக முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று இருந்தது. போஸ்ட்ஜிஐஎஸ்-ஐ நிறுவினேன். ஏற்கெனவே இருக்கிறது என்றது. நீக்கிவிட்டு நிறுவினேன். அதே பிழை. மூன்றாவது முறை நிறுவும்போதுதான் சீனியர் சொன்னது நினைவுக்கு வந்து, கணினியில் எத்தனை போஸ்ட்கிரெஸ் இருக்கிறது என்று பார்த்தேன். உபுண்டுவில் அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு, பிஜி-எல்எஸ்கிளஸ்டர்ஸ். இரண்டு வரி வந்தது. பதிப்பு 12, போர்ட் (இணைப்பு வாசல் எண்) 5432. பதிப்பு 14, போர்ட் 5433. இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

நடந்தது இதுதான். பழைய 12 தன் போர்ட்டையும் என் தரவையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. புதிதாக வந்த 14-க்கு அடுத்த போர்ட் கிடைத்தது. மேம்படுத்தலின்போது 12-க்கான போஸ்ட்ஜிஐஎஸ் மட்டும் தூக்கியெறியப்பட்டுவிட்டது, 22.04-இன் களஞ்சியத்தில் அதற்கு இடமில்லை. நான் நாளெல்லாம் 14-க்கான போஸ்ட்ஜிஐஎஸ்-ஐ நிறுவிக்கொண்டிருந்தேன். ஜாங்கோ பேசியதெல்லாம் 12-இடம்.

சரி, 12-இலிருந்து தரவை எடுத்து 14-இல் போடலாம் என்றால், டம்ப், அதாவது முழு நகல், எடுக்கும்போது வடிவங்களை எழுத்தாக மாற்ற அதே காணாமல்போன கோப்புதான் வேண்டும். டம்ப் பாதியில் நின்றது. கண்மாய் எல்லைகளுக்கு மூலக் கோப்புகள் பென்டிரைவில் இருந்தன. களக்குறிப்புகள்? வெயிலில் ஊர் ஊராக அலைந்து எழுதியவை, அந்த அட்டவணையில் மட்டும்தான் இருந்தன. அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

வழி சின்னதுதான். வடிவ நெடுவரிசையைத் தொடாமல் எண், பெயர், குறிப்பு ஆகிய மூன்றை மட்டும் கேட்டால் போஸ்ட்கிரெஸ் மறுப்பேதும் சொல்லாமல் கொடுத்துவிடுகிறது. அது வெறும் எழுத்து, போஸ்ட்ஜிஐஎஸ் குறுக்கே வருவதில்லை. மூன்றையும் சிஎஸ்வி கோப்பாக எடுத்தேன். எல்லைகளை, வரைபடக் கோப்புகளை மாற்றித்தரும் ஓஜிஆர்2ஓஜிஆர் கட்டளை மூலம் 14-இல் புதிதாக ஏற்றினேன். எண்ணை வைத்து இரண்டையும் சேர்த்தேன். புதிய தரவுத்தளத்தில் 'கிரியேட் எக்ஸ்டென்ஷன்' கொடுக்க மறந்துவிடாதீர்கள், போஸ்ட்ஜிஐஎஸ்-ஐக் கணினியில் நிறுவினால் மட்டும் போதாது, ஒவ்வொரு தரவுத்தளத்துக்குள்ளும் தனித்தனியாக இயக்க வேண்டும். ஜாங்கோ அமைப்பில் போர்ட்டை 5433 என்று வெளிப்படையாக எழுதினேன். போஸ்ட்கிரெஸ் குழு நடத்தும் ஆப்ட் (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி) களஞ்சியத்தைச் சேர்த்திருந்தால் 12-க்கான போஸ்ட்ஜிஐஎஸ்-ஐயே திரும்பப் பெற்று முழு டம்ப் எடுத்திருக்கலாம் என்பது எல்லாம் முடிந்த பிறகு தெரிந்தது. மேம்படுத்தலுக்கு முன்பே ஒரு டம்ப் எடுத்திருந்தால் அதுவும் தேவைப்பட்டிருக்காது.

திரும்ப ஏற்றும்போது ஒரு கிளைக்கதை. கண்மாய்ப் பெயர்கள் எல்லாம் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' அடையாளமுமாக வந்தன. யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் எழுதிய தமிழை வேறு குறியாக்கமாகப் படித்தால் இப்படித்தான் தெரியும். எல்லைகள் இருந்த ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வகை ஒரு கோப்பு இல்லை, ஒரு குடும்பம். அதில் சிபிஜி என்ற குட்டிக் கோப்பு ஒன்று குறியாக்கத்தின் பெயரைச் சுமந்திருக்கும். பென்டிரைவில் போடும்போது அதை விட்டுவிட்டேன். ஒற்றை வரியில் யூடிஎஃப்-8 என்று எழுதி, மற்றக் கோப்புகளின் அதே பெயரில் பக்கத்தில் வைத்ததும் பெயர்கள் திரும்பி வந்தன.

அப்புறம் ஜிடால், வரைபடக் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் நூலகம். எங்கள் வகுப்பில் அதைக் 'கூடல்' என்றே சொல்வோம். மதுரைக்காரர்களுக்கு வேறெப்படி வாயில் வரும்? பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் மூலம் அதை நிறுவப்போய் அழுதவர்கள் பட்டியல் நீளம். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஜியோஜாங்கோவுக்கு மட்டும் என்றால் பிப்பில் நிறுவவே வேண்டாம். கணினியில் ஆப்ட் மூலம் நிறுவிய ஜிடால் நூலகத்தை ஜாங்கோ நேராகவே எடுத்துக்கொள்ளும். ஜிடாலைத் தனியாக அழைக்கும் ஸ்கிரிப்ட் இருந்தால்தான் பைத்தான் பிணைப்பு தேவை. எனக்கு அப்படி ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. பிப் எப்போதும் ஆகப் புதியதைக் கொண்டுவரும், 22.04-இல் இருப்பதோ 3.4.1. இரண்டும் ஒத்துப்போகாமல் கம்பைல் ஆகும்போதே பக்கம் பக்கமாகச் சிவப்பு எழுத்து கொட்டும். மேம்பாட்டுப் பொதியை நிறுவி, ஜிடால்-கான்ஃபிக் கட்டளை சொல்லும் பதிப்பு எண்ணையே பிப்புக்கும் கொடுத்தால் நிறுவிக்கொள்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ஆயத்தொலைவுகளை ஒரு தொகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலை தோற்றது. அதைச் செய்வது ப்ராஜ் என்ற நூலகம். பிழைச் செய்தி நீளமானது, ஆனால் அதன் கடைசியில் விடையே இருந்தது: இந்த ப்ராஜ் தரவுத்தளம் வேறொரு ப்ராஜ் நிறுவலிலிருந்து வந்தது என்று. வேறொரு நிறுவலா? முதல் வருடத்தில் ஒரு பாடத்துக்காக பைத்தானைத் தனிச் சூழலாக நிறுவித்தரும் கோண்டாவைப் போட்டு, அதன் அடிப்படைச் சூழலிலேயே வரைபடத் தரவை அலசும் ஜியோபாண்டாஸை நிறுவியிருந்தேன். டெர்மினல் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சூழல் தானாக எழுந்து, ப்ராஜ் தரவுத்தளம் தன் கோப்புறையில் இருப்பதாக அறிவித்துவிடும். புதிய உபுண்டுவின் ப்ராஜ் அந்தப் பேச்சை நம்பிப் போய், இரண்டு வருடப் பழைய கோப்பைத் திறந்து பார்த்துக் கோபித்துக்கொண்டது. பிராம்ப்டின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பேஸ்' என்று இத்தனை நாளாக எழுதியிருந்ததை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். கோண்டா தானாக எழுவதை நிறுத்தி, புதிய டெர்மினல் திறந்ததும் வேலை செய்தது.

இதுவரை சொன்னவை எல்லாம் கத்தும் பிழைகள். கத்தாத பிழை ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் பயம்.

ஐந்தாம் நாள் கண்மாய் எல்லைகள் அழகாக வந்துவிட்டன. பெயர்ப் புள்ளிகளை மட்டும் காணோம். அட்டவணையில் இருந்தன, சர்வர் அனுப்பியது, உலாவியின் நெட்வொர்க் பக்கத்திலும் தெரிந்தன. சலித்துப்போய் வரைபடத்தை உலகம் முழுக்கத் தெரியும்வரை சுருக்கினேன். மேலே, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே கடலில், மதுரை மாவட்டத்துக் கண்மாய்ப் பெயர்கள் ஒரு கொத்தாக மிதந்துகொண்டிருந்தன.

மதுரை வடக்கே 9.9 பாகை, கிழக்கே 78.1 பாகை. மாற்றிப் போட்டால் வடக்கே 78.1, கிழக்கே 9.9, அதாவது ஆர்க்டிக். எல்லைகளை ஓஜிஆர்2ஓஜிஆர் ஏற்றியது, அது தானே பார்த்துக்கொண்டது. புள்ளிகளைக் கணக்கிட்டது சீனியர் தந்த பழைய ஸ்கிரிப்ட், ஜிடால் 2 காலத்தில் எழுதியது. 2019-இல் வந்த ஜிடால் 3, 4326 என்ற எண்ணுள்ள அட்சரேகை-தீர்க்கரேகை ஆயத்தொகுதிக்கு அதன் அதிகாரபூர்வ வரையறைப்படி அட்சரேகையை முதலில் தருகிறது. முன்பு தீர்க்கரேகை முதலில் வந்தது. முதல் தடவை நான் அதை ஓட்டியது லேபில் ஜிடால் 2 இருந்த பழைய கணினியில், அதனால் தெரியவில்லை. பழைய வரிசையே வேண்டும் என்று சொல்ல ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தால் போதும். லீஃப்லெட்டிலும் இதே கண்ணாமூச்சி உண்டு: ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவம் தீர்க்கரேகையை முன்னால் வைக்கும், லீஃப்லெட்டின் மார்க்கர் அட்சரேகையை முன்னால் கேட்கும். புள்ளிகள் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில், பூஜ்யமும் பூஜ்யமும் சந்திக்கும் இடத்தில் குவிந்தால் அது வேறு நோய். பாகையை மீட்டராக எண்ணிவிட்டது, ஆயத்தொகுதி எண்ணைப் பாருங்கள்.

சில்லறைகள்: வரைபடம் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் அந்தப் பெட்டிக்கு உயரம் கொடுத்தீர்களா என்று பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் 'இடமில்லை' என்று நின்றால் உடனே வட்டில் படங்களை அழிக்கப் போகாதீர்கள், அது பெரும்பாலும் கோப்புகளைக் கவனிக்கும் எண்ணிக்கையின் உச்சவரம்பு. ஐநோட்டிஃபை என்ற அந்த வரம்பை 5,24,288 ஆக உயர்த்தினால் பிழை போய்விடும்.

வைவா அன்று வரைபடம் திறந்தது. வெளித்தேர்வாளர் உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றைத் தொட்டுப் பரப்பளவைப் பார்த்தார்.

"பரப்பளவு எந்தத் தொகுதியில் கணக்கிட்டது?"

"32644 சார். யூடிஎம் 44 வடக்கு."

"44-ஆவது மண்டலம் எங்கே தொடங்குகிறது?"

78 பாகையில். யூடிஎம் என்பது பூமியை நெடுக்கு மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் ஆயத்தொகுதி. மதுரை நகரம் 78.1, உசிலம்பட்டி 77.8. மாவட்டத்தின் குறுக்கே கோடு போகிறது, அவர் தொட்ட கண்மாய் 43-ஆவது மண்டலத்தில் கிடக்கிறது. ஆர்க்டிக்கில் பெயர்களைத் தேடிய இரவில் இந்த எண்களோடுதான் மல்லுக்கட்டியிருந்தேன் என்பதால் திணறவில்லை. மண்டல விளிம்பில் நீளம் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக வரும், பரப்பு ஆயிரத்தில் இரண்டு பங்கு, 100 ஹெக்டேர் கண்மாய்க்கு 0.2 ஹெக்டேர் பிழை என்றேன். தட்டையாக அல்லாமல் உருண்டையின் மேலேயே அளக்கும் போஸ்ட்ஜிஐஎஸ்-இன் ஜியாக்ரஃபி வகைக்கு மாற்றிக் கேட்டால் இந்த மண்டலத் தொல்லையே இல்லை என்றும் சொன்னேன்.

"அப்படிக் கேளுங்களேன், பார்ப்போம்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். டெர்மினலைத் திறந்து, மறக்காமல் போர்ட் 5433 என்று தட்டச்சு செய்து, உள்ளே போனேன்.