வேளாங்கண்ணிக்குப் போகல, ஓஃபிர் ரோட்டுக்கே ஒரு வருஷம் போனோம்

இது எங்க அம்மாவோட நேர்த்திக்கடன் கதை, நான் சும்மா கூடப் போனவ. 2024 கடைசில அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், அதுக்கு முன்னாடி ராத்திரி ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டே, நல்லபடியா நடந்துட்டா வேளாங்கண்ணிக்கு வந்து மெழுகுவர்த்தி ஏத்துறேன் தாயேன்னு வேண்டிக்கிட்டாங்க. ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, நடக்கவும் ஆரம்பிச்சாங்க, ஆனா ஃபிளைட், அப்புறம் திருச்சில இருந்து கார், அங்க போய் கூட்டத்துல நிக்கிறது எல்லாம் இப்போதைக்கு நினைச்சே பார்க்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். அம்மா ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போயிட்டு வந்து, "ஃபாதர் சொல்லிட்டார், மாதா ஒருத்திதானாம்"ன்னாங்க. ஃபாதர் அவ்வளவுதான் சொன்னாரோ என்னமோ. மிச்சக் கணக்கெல்லாம் அம்மாவே போட்டது. அங்க ஒரு தடவை போறதுக்கு ஈடா இங்க சிங்கப்பூர்ல, ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலுக்கு ஒரு வருஷம், லூர்து மாதா திருநாள்ல இருந்து அடுத்த லூர்து மாதா திருநாள் வரைக்கும் ஒரு ஞாயிறு கூட விடாம, வீட்டுல இருந்து கிளம்பி, டாக்ஸி இல்லாம. டாக்ஸி இல்லாமன்னு சொன்னதுதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

எங்க வீடு தெம்பனிஸ். டவுன்டவுன் லைன் ரயில்ல ஏறினா மாறாம கோயிலுக்குப் பக்கத்துல இருக்குற ரோச்சோர் ஸ்டேஷன்ல இறங்கிடலாம், அதனால அம்மா முட்டிக்கு பெரிய சோதனை இல்ல, லிஃப்ட் எங்க இருக்குன்னு மட்டும் தெரிஞ்சா போதும்.

முதல் நாளே வேடிக்கைதான். 2025 பிப்ரவரி 11, செவ்வாக்கிழமை, தைப்பூசமும் அன்னைக்குத்தான். ரயில்ல முக்கால்வாசி மஞ்சள் துணி. எங்க பிளாக்ல இருக்குற அக்கா ஒருத்தங்க பால்குடம் முடிச்சிட்டு வெறுங்கால்ல திரும்பி வந்துட்டிருந்தாங்க, எங்களைப் பார்த்துட்டு "அம்மா, நீங்களும் கோயிலுக்கா"ன்னு கேட்டாங்க, "ஆமாம்மா, நாங்களும் கோயிலுக்குத்தான்"ன்னு அம்மா சொன்னதுல ஒரு பெருமை. சிராங்கூன் ரோட்டுல பெருமாள் கோயில்ல கிளம்பி டேங்க் ரோட்டுக்குப் போற காவடியெல்லாம் ரோச்சோருக்குப் பக்கத்துல சிலிகி ரோடு வழியாத்தானே போகும், ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா எங்கேயோ உறுமி சத்தம் கேக்குது, அதைக் கேட்டுக்கிட்டே நாங்க மாதா கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தோம்.

தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடறேன். ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில்தான் சிங்கப்பூர்ல தமிழ் கத்தோலிக்கர்களுக்குன்னே கட்டின கோயில். 1886ல கல்லு போட்டு 1888ல முடிச்சாங்க, பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்பு சபை சாமியார்கள் காலம். பிரான்ஸ் லூர்துல இருக்குற பேராலயத்தைப் பார்த்துத்தான் இதோட சாயலையும் வச்சாங்க, அதான் அந்த கூர் கோபுரம். அங்க 1858 பிப்ரவரி 11ல விறகு பொறுக்கப் போன பெர்னதெத் பொண்ணுக்கு மாதா முதல் தடவை காட்சி குடுத்தாங்க, மொத்தம் 18 தடவை. விறகு பொறுக்கப் போன பொண்ணு, எங்க பாட்டி ரப்பர் தோட்டத்துல பால் வெட்டப் போனவங்க, அந்த ஒரு காரணத்துக்காகவே எங்க வீட்டுல பெர்னதெத் மேல தனிப் பாசம். 1974 வரைக்கும் தமிழ் ஆளுங்களுக்கான பங்கா இருந்தது, அப்புறம்தான் எல்லாருக்கும் பொதுவான பங்கு ஆச்சு, 2005ல தேசிய நினைவுச் சின்னம்னு அறிவிச்சாங்க. இப்பவும் ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பூசை இருக்கு.

அன்னைக்கு சாயங்காலம் மெழுகுவர்த்தி உருகி அம்மா புடவையில கொட்டிடுச்சு, நல்ல பட்டு. "போகட்டும், மாதா கையெழுத்து"ன்னாங்க. அதை இன்னும் டிரை கிளீன் போட விடல.

மார்ச் 5 சாம்பல் புதன், எங்க தவக்காலம் ஆரம்பிக்கிற நாள். அந்த வருஷம் முஸ்லிம்களோட நோன்பு மார்ச் 2லயே ஆரம்பிச்சுட்டதால தவக்காலமும் ரமலானும் ஒண்ணா ஓடுச்சு. நம்ம கோயில்ல இருந்து அரபு ஸ்ட்ரீட், சுல்தான் மசூதி எல்லாம் நடக்குற தூரம்தான். பூசை முடிஞ்சு நெத்தியில சாம்பலோட நடந்தா அந்தப் பக்கம் நோன்பு திறந்துட்டு ஜனங்க பலகாரம் வாங்கிட்டிருக்காங்க. அம்மா ஒருத்தர்கிட்ட பேரீச்சம்பழம் விலை கேட்டாங்க, அவரு காசு வாங்க மாட்டேன்னுட்டார். எங்களுக்கோ அன்னைக்கு ஒரு வேளை சாப்பாடுதான், அதையும் முடிச்சாச்சு, பழத்தைக் கையில வச்சுக்கிட்டு வீடு வரைக்கும் வந்து மறுநாள் காலையில சாப்பிட்டாங்க. திரும்பும்போது ரயில்ல ஒரு தமிழ் பெரியவர் அம்மா நெத்தியப் பார்த்து "எந்தக் கோயில் விபூதிம்மா"ன்னு கேட்டதுக்கு, போன வருஷத்துக் குருத்தோலையை எரிச்ச சாம்பல் இதுன்னு அம்மா விளக்கம் சொல்ல ஆரம்பிச்சு, அவரு பெடோக் ரிசர்வாயர்ல இறங்குற வரைக்கும் விடல.

இந்த வருஷத்துல எனக்கு மனசுல ஒட்டிக்கிட்டது புனித வெள்ளிக்கு முந்தின நாள், பெரிய வியாழன் ராத்திரி. ஏப்ரல் 17. பாதம் கழுவுற பூசை முடிஞ்சதும் நற்கருணையை, அதாவது பூசையில அர்ச்சிச்ச அப்பத்தை, இன்னொரு பீடத்துக்குக் கொண்டுபோய் வைப்பாங்க, ராத்திரி முழிச்சிருந்து ஜெபிப்பாங்க. அன்னைக்கு ராத்திரி கோயில் கோயிலாப் போய் சந்திக்கிறது இங்க ரொம்ப நாள் பழக்கம், ஏழு கோயில்னு கணக்கு, நிறைய பேர் கார்ல பறப்பாங்க. அம்மா முட்டிக்கு நாலுன்னு முடிவு பண்ணினோம், நாலும் நடந்தே போற தூரம்.

நம்ம கோயில்ல ஆரம்பிச்சு குயீன் ஸ்ட்ரீட் பேதுரு பவுல் கோயில். உள்ள சீனப் பாட்டிமாருங்க மாண்டரின்ல ஜெபமாலை சொல்லிட்டிருக்காங்க, வார்த்தை ஒண்ணும் புரியல, ஆனா ராகம் புரியுது, எந்த இடத்துல பத்து முடியுதுன்னு அம்மா தலையாட்டிக்கிட்டே எண்ணுறாங்க. 1870ல இந்தக் கோயில் வந்தப்போ சீனர்களும் நம்மாளுங்களும் இதே இடத்துலதான் ஒண்ணா இருந்தாங்க, பதினெட்டு வருஷம் கழிச்சுத்தான் நமக்குன்னு ஓஃபிர் ரோட்டுல தனியா வந்துச்சு. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப இதை யாரும் சொல்லித் தரல. "அப்போ இதுவும் நம்ம தாய்வீடுதான்டி"ன்னு அம்மா சொல்லிட்டு அங்கேயே கூடுதலா ஒரு கால் மணி நேரம் உக்காந்துட்டாங்க, எனக்குக் கால் வலிக்குதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, ஆபரேஷன் பண்ணிக்கிட்டது அவங்க.

வெளிய வந்து வாட்டர்லூ ஸ்ட்ரீட் பக்கம் திரும்பினோம், அங்க குவான் யின் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் பக்கத்துப் பக்கத்துல, பகல்ல பார்த்தா சீனர்கள் ரெண்டு வாசல்லயும் ஊதுபத்தி வச்சுட்டுப் போவாங்க. ராத்திரி அந்த வாசனை மட்டும் மிச்சம் இருந்துச்சு. அப்புறம் விக்டோரியா ஸ்ட்ரீட் சூசையப்பர் கோயில், போர்ச்சுகீசு மிஷன் கோயில், இப்ப இருக்குற கட்டடம் 1912. பல வருஷம் பழுதுபார்ப்புக்குப் பூட்டி வச்சிருந்து 2022லதான் திறந்தாங்க. கடைசியா நல்லாயன் பேராலயம், 1847, நாட்டுலயே பழைய கத்தோலிக்கக் கோயில். அங்க போகும்போது மணி பதினொண்ணைத் தாண்டிடுச்சு. வெளிய புல்வெளியில இளவட்டப் பிள்ளைங்க வட்டமா உக்காந்து பபிள் டீ குடிச்சுக்கிட்டு ஏதோ கிசுகிசுத்துக்கிட்டிருக்குதுங்க, ஒரு மணி நேரம் கூட முழிச்சிருக்க முடியலையான்னு இயேசு சீடர்களைப் பார்த்து கேட்ட ராத்திரியில இதுங்க முழிச்சாவது இருக்குதேன்னு அம்மா சொன்னாங்க. டாக்ஸி இல்லைங்கிற விரதம் அன்னைக்கு உடைஞ்சுது. நான்தான் உடைச்சேன், பாவம் என் கணக்குல.

உயிர்ப்பு ஞாயிறு அன்னைக்கு போப் ஃபிரான்சிஸ் பால்கனியில வந்து ஆசீர் குடுத்ததை ஃபோன்ல பார்த்து அம்மா சிலுவை போட்டுக்கிட்டாங்க. மறுநாள், ஏப்ரல் 21, சாயங்காலம் டீ போட்டுட்டிருக்கும்போது செய்தி வருது, போயிட்டார்னு. 2024 செப்டம்பர் 12 நேஷனல் ஸ்டேடியத்துல அவர் பூசை வச்சப்போ எங்களுக்குக் குலுக்கல்ல பேர் விழல, வீட்டுல டிவியிலதான் பார்த்தோம், அந்த மனக்குறை அம்மாவுக்கு அப்ப வரைக்கும் இருந்துச்சு. அடுத்த தமிழ்ப் பூசையில அவருக்காக வேண்டினப்போ பின்னாடி வரிசையில ஒரு ஆம்பளை அழுத சத்தம் கேட்டுச்சு. ரோம்ல மேரி மேஜர் மாதா கோயில்லயே அடக்கம் பண்ணினது தெரிஞ்சதும்தான் அம்மாவுக்கு ஆறுதல், கெட்டிக்காரர், தாய் மடியிலயே படுத்துட்டார்னாங்க. மே 8ல புது போப் லியோ, நம்மூர்ல அப்ப நடுராத்திரி தாண்டியாச்சு, நம்ம கர்தினால் வில்லியம் கோவும் உள்ள ஓட்டுப் போட்டவங்கள்ல ஒருத்தர், அதனால ஏதோ நம்ம வீட்டு ஆளு தேர்தல்ல நின்ன மாதிரி முழிச்சிருந்தோம். அதுக்கு அஞ்சு நாள் முன்னாடிதான் இங்கயும் தேர்தல் முடிஞ்சுது.

அதுக்கப்புறம் பொதுக்காலம், சாமியாருக்குப் பச்சை அங்கி, திருவிழா இல்லாத ஞாயிறுங்க. உண்மைய சொல்லணும்னா எனக்கு அலுத்துப்போச்சு, ஜூலையில ஒரு ஞாயிறு மழை, நான் படுத்தே கிடந்தேன், அம்மா புடவை கட்டி முடிச்சு வாசல்ல நின்னு கையில குடையோட ஒரு வார்த்தை பேசாம பார்த்தாங்க பாருங்க, எழுந்துட்டேன். ஆனா ஒரு பங்கு எப்படி ஓடுதுன்னு நான் பார்த்தது இந்த மாசங்கள்லதான். திருவிழாவுக்கு வந்துட்டுப் போறவங்களுக்கு அது தெரியாது. பீடத்துப் பூ வாடினதை எடுத்து மாத்துற ஆன்ட்டி, பாட்டுப் புத்தகத்தை அடுக்குற அங்கிள், வின்சென்ட் தே பவுல் சபைக்காரங்க கஷ்டப்படுற குடும்பங்களைப் போய்ப் பார்த்துட்டு யார் வீடுன்னு வாயே திறக்காம இருக்குறது, மரியாயின் சேனை ஆளுங்க நடக்க முடியாதவங்களை வீட்டுல போய்ப் பார்க்குறது. அம்மா படுக்கையில இருந்தப்போ நற்கருணை கொண்டு வந்து குடுத்தாரே ஒருத்தர், அவர்தான் பூசை முடிஞ்சா நாற்காலி மடக்குறவருன்னு அம்மாவுக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. அன்னையில இருந்து அம்மா அவருக்கு மட்டும் தனியா ஒரு டப்பா முறுக்கு.

அப்புறம் டார்ம்ல, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியில இருந்து வர்ற தம்பிங்க. துவாஸ் பக்கம், பொங்கோல் பக்கம்னு எங்கெங்கேயோ இருந்து வாரத்துல கிடைக்குற ஒரே லீவு நாள்ல குளிச்சு அயர்ன் பண்ணின சட்டை போட்டுக்கிட்டு வருவாங்க, பாட்டுன்னா அவங்கதான், ஊர்ல பாடின மாதிரி தொண்டையைத் திறந்து பாடுவாங்க, நாம இங்க உதட்டை அசைக்கிறதோட சரி. அதுல ஒரு நாகப்பட்டினம் தம்பி, வேளாங்கண்ணிக்குப் பக்கத்து ஊரு. அம்மா அவனை விடுவாங்களா. ஆகஸ்ட் 29 கொடியேத்தம் அன்னைக்கு அவன் கட்டட வேலையில மேல நின்னுக்கிட்டிருந்தானாம், வேலை முடிஞ்சு ராத்திரிதான் ஃபோன்ல பார்த்தானாம், "எங்க வீட்டு வாசல்லயே காவித் துணி கட்டிக்கிட்டு நடந்து வர்றவங்களுக்கு மோர் குடுப்போம் அம்மா"ன்னான். வேளாங்கண்ணி மாதா கதையே மோர்க்காரப் பையன் கதைதானே, அம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வீட்டுல ஒன்பது நாள் நவநாள் சொன்னோம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பூசைக்கு நான் ஆபீஸ்ல அரை நாள் லீவு போட்டுட்டு வந்தேன், மேனேஜர்கிட்ட பிறந்தநாள்னு சொன்னேன், யாருக்குன்னு அவர் கேக்கல.

நவம்பர் 2 இறந்தவங்க நினைவு நாள், அந்த வருஷம் ஞாயித்துக்கிழமையாவே வந்துச்சு. இங்க புதைச்சா 15 வருஷம்தான், அப்புறம் தோண்டி எடுத்துடுவாங்க, அதனால அப்பா முன்னாடியே என்னை ரெண்டு தடவை தொந்தரவு பண்ணாதீங்க, எரிச்சிடுங்கன்னு சொல்லிட்டார். ஒரு சின்ன மாடம், அதுல அவர் ஃபோட்டோ, அம்மா முந்தானையால துடைச்சு துடைச்சு அந்த ஃபோட்டோல மீசை மங்கிப்போச்சு. அவர்கிட்ட மெதுவா கணக்கு ஒப்பிச்சாங்க, இன்னும் பதினாலு ஞாயிறு இருக்குன்னு.

கிறிஸ்துமஸ் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதை விடுங்க, கூட்டம், கேக், புதுத்துணி.

நாகப்பட்டினம் தம்பி ஜனவரி கடைசில லீவுல ஊருக்குக் கிளம்பினான். அம்மா அவன் கையில ஒரு மெழுகுவர்த்தி குடுத்து விட்டாங்க, லிட்டில் இந்தியா தேக்காவுல வாங்கினது. அங்க வாசல்லயே கிடைக்கும் அம்மான்னு சொன்னான், இல்ல இதுதான்னுட்டாங்க. பதினோரு மாசம் நடந்ததுக்கு அப்புறமும் அந்த முதல் கணக்கை அவங்க மூடலைங்கிறது எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது.

2026 பிப்ரவரி 11, புதன்கிழமை. இந்தத் தடவை தைப்பூசம் 1ஆம் தேதியே முடிஞ்சு ரயில் காலியா இருந்துச்சு. அம்மா அதே பட்டுப்புடவை, மெழுகு கறை இருக்குற பக்கம் வெளிய தெரியுற மாதிரி கட்டியிருந்தாங்க. பூசை முடிஞ்சு ரோச்சோர் ஸ்டேஷன்ல பெஞ்சுல உக்காந்திருக்கும்போது வாட்ஸ்அப்ல வீடியோ வருது. அந்தத் தம்பி மெழுகுவர்த்தியை ஏத்துறான், அணையுது, மறுபடி ஏத்துறான், அணையுது, மூணாவது தடவை பக்கத்துல யாரோ ஒரு பாட்டி முந்தானைய விரிச்சு காத்தை மறைக்கிறாங்க, பிடிச்சுக்கிச்சு. அம்மா ரெண்டு தடவை பார்த்தாங்க. ரயில் வந்துச்சு, ஏறல. "சத்தம் கூட்டுடி"ன்னாங்க, "கடல் கேக்குதான்னு பார்ப்போம்."