"ஜெபம் பண்ண வரலை" என்று பிள்ளை சொல்லும்போது

குடும்ப ஜெபத்தில் தன் முறை வரும்போது பிள்ளை "நீங்களே முடிங்கப்பா" என்று தலையைக் குனிந்துகொண்டால், மனசில் ஏதோ பாரம் இருக்கலாம். அன்றைக்கு வசனத்தை எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டார்கள். "கவலைப்படாதேன்னு வேதத்துல இருக்கே" என்று ஆரம்பித்தால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். கவலைப்படுவதே பாவம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த முறை பிள்ளை மறைத்துவிடும்.

முதலில் உடம்பைக் கவனியுங்கள். 1 இராஜாக்கள் 19-இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். தூதன் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தழலில் சுட்ட அடை, தண்ணீர், தூக்கம், மறுபடியும் சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அவர் ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. டியூஷன் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வருகிற பிள்ளையை உட்காரவைத்து மனசைத் திறக்கச் சொன்னால் ஒன்றும் வராது. சாப்பாடும் தூக்கமும் சீராகட்டும். இரவில் போன் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும், உங்களுடையதும் சேர்த்து.

பேசும்போது எதிரெதிராக உட்கார வேண்டாம். துணி மடிக்கும்போதோ கடைக்கு நடந்து போகும்போதோ பேச்சு தானாக வரும். "ஏன் இப்படி இருக்கே?" என்று கேட்டால் பிள்ளைக்கே பதில் தெரியாது. "எந்த நேரத்துல ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள், அதற்குப் பதில் வரும்.

குற்ற உணர்வில்தான் பெற்றோர் அதிகம் தடுமாறுகிறார்கள். மெய்யான குற்றத்தைக் குறிப்பாகச் சொல்ல முடியும்: "தம்பிகிட்ட பொய் சொன்னேன்." அதற்கு அறிக்கையிட்டு, தம்பியிடமும் மன்னிப்புக் கேட்டால் போதும், 1 யோவான் 1:9 அங்கே வேலை செய்கிறது. "நான் மோசமானவன்" என்று மட்டும் வந்தால், எதைச் செய்தாய் என்று கேளுங்கள். சொல்ல ஒன்றுமில்லை என்றால் அது வெறும் குற்றச்சாட்டு. கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்கிற ரோமர் 8:1-ஐ அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட நினைவு மனதில் வந்ததே பாவம் என்று நினைக்கும் பிள்ளைக்கு எபிரெயர் 4:15-ஐக் காட்டுங்கள்: இயேசுவும் சோதிக்கப்பட்டார், பாவமில்லாதவராக.

இன்னொரு வகை உண்டு. சபையில் இதைப் பக்தி என்று பாராட்டிவிடுவார்கள். ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்பது, "சரியா ஜெபிக்கலையோ" என்று முதலிலிருந்து தொடங்குவது, "ஆண்டவர் மன்னிச்சிருப்பாரா?" என்று ஒரு நாளில் பலமுறை உங்களிடம் வந்து கேட்பது. இது ஓசிடியாக (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் மனநோய்) இருக்கலாம். ஒவ்வொரு முறையும் "மன்னிச்சிட்டார்" என்று சொல்லும்போது பிள்ளைக்குச் சில நிமிடம் நிம்மதி கிடைக்கும். ஆனால் கேட்டால்தான் நிம்மதி என்று மனம் பழகிக்கொள்ளும். சந்தேகம் இன்னும் பலமாகத் திரும்பி வரும். இங்கே ஜெப நேரத்தைக் கூட்டினால் நோய் கூடும். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அதுவரை ஒருமுறை பதில் சொல்லுங்கள், பிறகு "இதைப் பத்தி ஏற்கெனவே பேசிட்டோம்மா" என்று அன்பாக நிறுத்துங்கள்.

ஜெபிக்க வார்த்தை இல்லாத பிள்ளைக்கு 13-ஆம் சங்கீதம் உதவும். ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை முறையீடு, அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. ஒரு தாளில் முறையீட்டை மட்டும் தன் சொந்த வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். நம்பிக்கைப் பகுதிக்குத் தள்ளிவிடாதீர்கள். 88-ஆம் சங்கீதம் அந்த ஆறுதலுக்கு வராமலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. தாளைக் காட்டச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம்.

பிள்ளை சொன்னதை வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஜெபக் குறிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள். பெயர் சொல்லாவிட்டாலும் ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். போதகரிடம் சொல்வதானாலும் பிள்ளையின் சம்மதம் வாங்குங்கள்.

சாவைப் பற்றிப் பேசினாலோ, கையில் கீறல் தெரிந்தாலோ, இதையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு நேரடியாகக் கேளுங்கள்: "செத்துடணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் எட்டாத இடத்தில் பூட்டுங்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். மாத்திரை எழுதிக்கொடுத்தால், உபவாச ஜெபத்தை நம்பி அதை நிறுத்த வேண்டாம்; மருத்துவர் சொல்லும் வரை தொடரட்டும்.