பால் கணக்கில் சில டிக்குகள்

எங்கள் வீட்டுத் துரைக்கு ரெண்டரை வயது. பாளையங்கோட்டையில் அவருக்குச் சேவகம் செய்ய நாலு பேர்: நான், மனைவி, அம்மா, அப்பா. போன ஆனி மாதம் வரை ஆளுக்கொரு வேலை இருந்தது. அப்புறம் நாலு பேருக்கும் ஒரே வேலைதான். துரை இன்றைக்கு ஆய் போனாரா, இல்லையா?

முதலில் ரெண்டு நாளுக்கு ஒருமுறை என்று இருந்தது நாலு நாளானது. ஐந்தாம் நாள் ஒருவழியாக வந்தபோது அவன் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஆச்சி கரண்டியும் கையுமாக ஓடி வந்துவிட்டார். வந்தது என்னவோ கூழாங்கல் போல நாலு உருண்டை.

அன்றிலிருந்து ஒரு புதுப் பழக்கம். வயிறு முட்டினால் விளையாட்டை அப்படியே போட்டுவிட்டு, பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிற சந்துக்குள் போய் நின்றுகொள்வான். குதிகால் தரையில் படாது. ரெண்டு காலையும் பின்னிக்கொண்டு, ஜன்னல் திரையைக் கொத்தாகப் பிடித்து, முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, உடம்பு லேசாக நடுங்கும்.

நாங்கள் சும்மா இருப்போமா? சந்தின் வாசலில் கூடிவிடுவோம். "முக்குய்யா, என் ராசால்லா, இன்னும் கொஞ்சம் முக்கு" என்று அம்மா. கைதட்டித் தாளம் போடுவது அப்பா. மனைவி அவளே மூச்சுப் பிடித்து "ம்ம்ம்" என்று செய்து காட்டுவாள். நான் செல்போனில் வீடியோ எடுப்பேன். ஐந்து நிமிடம் கழித்து, துரை ஒன்றுமே நடக்காத மாதிரி வெளியே வந்து காரை ஓட்ட ஆரம்பித்துவிடுவார். டயப்பர் காலி. வியர்த்துப் போயிருப்பது நாங்கள்தான்.

அம்மாவின் கைவைத்தியப் பட்டியலில் முதலிடம் விளக்கெண்ணெய்க்கு. அடுத்தது, அதே எண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பு. அது எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. "நீயும் இப்படி வளந்தவன்தாம்லே" என்றாள் என்னைப் பார்த்து. மனைவி அங்கேயே இருந்தாள் என்பதுதான் வருத்தம். அவள் ரெண்டுக்கும் தடை போட்டு, உலர் திராட்சையை ஊறவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவன் அதை வாயில் வைத்திருந்து அப்பாவின் வேட்டியில் துப்பினான்.

நடுவில் இன்னொரு கூத்து. டயப்பரில் அவ்வப்போது தண்ணியாகக் கறை. "வயித்தால போகுது" என்று அப்பா தீர்ப்பு எழுதிவிட்டார். பழம், கீரை எல்லாம் நின்றது. ரெண்டு நாள் வெறும் கஞ்சி. மலச்சிக்கலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஒரே வாரத்தில் வைத்தியம் பார்த்த குடும்பம் நாங்கள்.

கடைசியில் குழந்தை டாக்டரிடம் போனோம். நாலு பேருமே போனோம். டாக்டரம்மா முதலில் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ரத்தம் வந்ததா, வாந்தி உண்டா, எடை குறைந்திருக்கிறதா, பிறந்த முதல் ரெண்டு நாளுக்குள் மலம் போனானா என்று வரிசையாகக் கேட்டார். இதில் எதிலாவது கோளாறு இருந்தால் கதையே வேறாம். நல்லவேளை, எல்லாவற்றுக்கும் எங்களிடம் நல்ல பதில் இருந்தது. அப்புறம் சுவரில் இருந்த ஒரு படத்தைக் காட்டினார். பிரிஸ்டல் அட்டவணையாம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் 1997-ல் வெளியிட்டது. மலத்தில் ஏழு ரகம். "இதுல எது உங்க பையனோடது?"

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புடவைக் கடையில் பார்ப்பது போலப் பார்த்தாள். ஒன்றாம் நம்பரில் விரலை வைத்து, "இது. ஆட்டுப்புழுக்கை" என்றாள். ஏழு ரகத்துக்கும் அவளிடம் தமிழ்ப் பெயர் இருந்தது. டாக்டரே சிரித்துவிட்டார்.

நான் பெருமையோடு வீடியோவைக் காட்டினேன். பத்து விநாடி பார்த்தார். "சார், இவன் முக்கல. அடக்குறான்."

ஒருமுறை வலித்ததால் பயம். பயத்தில் அடக்குகிறான். உள்ளே தங்கத் தங்கப் பெருங்குடல் அதில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இன்னும் கெட்டியாகும், இன்னும் வலிக்கும். அந்தக் கறைகூட வயிற்றுப்போக்கு இல்லை. அடைத்து நிற்கிற கட்டியைச் சுற்றிக் கசிந்து வருவதுதான். "நீங்க நாலு பேரும் சேர்ந்து அவன் அடக்குறதுக்குத் தாளம் போட்டிருக்கீங்க" என்றார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பால் எவ்வளவு குடிப்பான்?"

"ஒரு டம்ளர்தான்" என்றேன். காலையில் கொடுப்பது நான். ராத்திரி பாட்டிலில் 250 மில்லி என்றாள் மனைவி. மத்தியானம் சோறு சரியாகச் சாப்பிடாததால் ஒரு டம்ளர் என்றாள் அம்மா. சாயங்காலம் தன்னுடைய காப்பிக்குத் துணையாக ஒன்று என்று அப்பா மெதுவாக ஒப்புக்கொண்டார். விடியற்காலம் சிணுங்கினால் அரை பாட்டில் தருவதை மனைவி அப்போதுதான் நினைவுபடுத்திக்கொண்டாள். டாக்டர் கூட்டிப் பார்த்தார்: ஏறக்குறைய ஒரு லிட்டர். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் இருக்க வேண்டுமாம். பாலிலேயே வயிறு நிறைந்துவிட்டால் சோறும் காயும் எங்கே இறங்கும்?

விளக்கெண்ணெயும் வெற்றிலைக் காம்பும் வேண்டவே வேண்டாம் என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "ஏற்கெனவே அந்த வாசலை நெனச்சுப் பயந்து கிடக்கான் பாட்டி. அதுல போய் எதையும் விடாதீங்க." லாக்டுலோஸ் சிரப் எழுதினார், அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்குமாம். வலி மறந்துபோக மாதக்கணக்கில் ஆகும், பாதியில் நிறுத்தாதீர்கள் என்று ரெண்டு தரம் சொன்னார்.

பத்தே நாளில் வாழைப்பழம் போல வந்ததும் நான் நிறுத்தினேன். மருந்து பழகிவிடுமோ என்ற மேதாவித்தனம். அடுத்த வாரமே துரை பீரோ சந்துக்குள். மறுபடி போனபோது டாக்டர் திட்டவில்லை, மனைவியைப் பார்த்து மட்டும் பேசினார்.

இப்போது ஏற்பாடு வேறு. பால் ரெண்டு டம்ளர், அதுவும் டம்ளரில்தான். பாட்டில் பரணுக்குப் போய்விட்டது. கொய்யா, பப்பாளி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, அடிக்கடி தண்ணீர். சாப்பிட்டு முடித்தால் குடலுக்குத் தானாக ஒரு உந்துதல் வருமாம். அதனால் காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஆசனம். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்க வேண்டும் என்பதால் காலுக்குக் கீழே ஒரு பலகை தேடினோம். கிடைத்தது என் கல்யாணத்து மணைப்பலகை. "இதுல உக்காந்துதாம்லே நீ தாலி கட்டுன" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். உட்கார்ந்தபடி எதையாவது ஊதினால் வயிறு தானாக அழுந்தும் என்றதால், நெல்லையப்பர் தேரோட்டத்தில் வாங்கிய பீப்பியைக் கொடுத்தோம். தெருவுக்கே இப்போது எங்கள் வீட்டு நேரம் தெரியும். "முக்கு" என்ற சொல்லுக்கு மட்டும் வீட்டில் தடை.

வெற்றிகரமான நாளுக்கு அம்மா காலண்டரில் ஒரு டிக் போடுகிறாள். கூடுதல் பால் பாக்கெட்டுக்கு டிக் போடுகிற அதே காலண்டர், அதே பேனா. மாதக் கடைசியில் பாக்கெட் போடும் தம்பி கணக்குப் பார்க்க வந்தார்.

"என்ன சார், பாக்கெட்டைக் கொறைச்சீங்கன்னு நான் எழுதி வச்சிருக்கேன். இங்க 19 டிக் இருக்கு?"

"அது பால் இல்லய்யா" என்றாள் அம்மா. "பேரன்."

அவர் கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்தார். "அப்ப 23-ந்தேதி ரெண்டு டிக் இருக்கே?"

"அன்னைக்கு ரெண்டு தடவ."

உள்ளேயிருந்து பீப்பி சத்தம் கேட்டது. அம்மா பேனாவைத் தேடினாள். அது அவர் கையில் இருந்தது.