இரண்டு காலும் ஒரே அளவில்லை

கால் தாங்கி செய்யும் பட்டறையில் எனக்கு இது பதினான்காவது வருடம். காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்செடுத்து, அதன்மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை இழுத்துப் படியவைப்பதுதான் வேலை.

சேர்ந்த புதிதில் ஒரு சின்னப் பையனுக்குச் செய்த தாங்கி, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்தும் எலும்பில் அழுத்தி மூன்றே நாளில் புண்ணாக்கிவிட்டது. அச்சில் அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக மாவு அப்பியிருக்க வேண்டும், நான் விட்டுவிட்டேன். "வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது சார் இவனுக்கு" என்றார் அவன் அம்மா. அதற்கப்புறம் காலில் மாட்டும் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் விளிம்புக்குத்தான் போகும்.

போர்வீரர்கள் முழங்காலுக்குக் கீழே மாட்டிய பழைய கிரேக்கக் காற்கவசங்களின் படங்களையும் அப்படித்தான் பார்க்க ஆரம்பித்தேன். பல கவசங்களின் விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள், உள்ளே மெத்தை வைத்துத் தைப்பதற்காக. வார் கிடையாது. மெல்லிய வெண்கலத் தகட்டை ஆடுசதையின் வடிவத்துக்கே அடித்திருப்பார்கள், விரித்து மாட்டினால் தன் விறைப்பாலேயே காலைக் கவ்விக்கொள்ளும். இது அடுத்தவன் காலுக்குச் சரியாக உட்காராது, செய்தவர் அந்த ஒருவனின் காலைத் தொட்டுப் பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும்.

கிரேக்கத்தின் டெண்ட்ராவில் 1960இல் தோண்டிய கல்லறையில் வெண்கல உடற்கவசத்தோடு காற்கவசத் துண்டுகளும் கிடைத்தன, கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பழங்காலக் கிரேக்கக் கவி ஹோமர் தன் காவியத்தின் வீரர்களை 'நல்ல காற்கவசம் பூண்டவர்கள்' என்றே திரும்பத் திரும்ப அழைக்கிறார். ஹங்கேரி, வட இத்தாலிப் பக்கம் வெண்கலக் காலத்தில் வேறு வழி: விளிம்பில் கம்பி வளையங்கள் வைத்துக் கயிற்றால் பின்னிக் கட்டினார்கள். ஒரு கவசத்தை ஆட்களுக்கு மாற்றி மாற்றிப் போட இதுதான் வசதி என்பது என் கணிப்பு, நாங்கள் வெல்க்ரோ பட்டி வைப்பதும் அதற்காகத்தான். ரோமில் காலாட்படையினர் வலது காலுக்கு மட்டும் அணிந்தார்கள் என்கிறார் போர்க்கலை பற்றி எழுதிய ரோமானியர் வெஜீஷியஸ்.

எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது, தொல்லியலாளர் மானோலிஸ் அன்ட்ரோனிகோஸ் 1977இல் வட கிரேக்கத்தின் வெர்கினாவில் கண்டெடுத்த மாசிடோனிய அரச கல்லறையில் இருந்த ஜோடி. இடது கவசம் வலதைவிடச் சுமார் 3.5 சென்டிமீட்டர் குட்டை. அது யாருடைய கால் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அதைச் செய்த கொல்லர்தான் கண்ணில் நிற்கிறார். இரண்டு காலையும் தனித்தனியாக அளந்திருக்கிறார்.