திரும்பி வந்தவரின் ஓரியூர்

தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாக ஓரியூர் போகும்போது செட்டிநாட்டின் பெரிய வீடுகள் மெல்லக் குறைந்துவிடும். அப்புறம் கண்மாய், கருவேலங்காடு, அறுத்து முடிந்த வயல். தவக்காலத்துப் புதன்கிழமை ஒன்றில் அத்தையோடு போயிருந்தேன். புனித அருளானந்தரின் திருத்தலமான ஓரியூருக்குப் புதன்தான் விசேஷம். விசுவாசத்துக்காக இங்கே அவர் தலை வெட்டப்பட்ட 1693 பிப்ரவரி 4ஆம் தேதியும் புதன்கிழமையே; அந்த ஆண்டின் சாம்பல் புதன், அதாவது தவக்காலத்தின் முதல் நாள்.

அத்தை மகனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. காரைக்குடியில் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. நகையில் பாதி அடகுக் கடையில். "இவ்வளவு வேண்டியும் ஏன் சாமி இப்படி?" என்ற கேள்வி எனக்குள் இருந்தது. அத்தையிடம் அதைக் கேட்கத் துணிவு வரவில்லை.

கோயிலைச் சுற்றி மண் சிவப்பாக இருக்கிறது. அருளானந்தரின் ரத்தம் பட்டுச் சிவந்த மண் என்பது மக்கள் நம்பிக்கை. கிறிஸ்தவர் மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்து இந்துக்களும் அதை நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள். பிள்ளை வரம் கேட்டு வந்த ஒரு குடும்பம் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

பூசை முடிந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது அத்தைதான் பேச்சை எடுத்தார். "எல்லாரும் அவரு செத்ததைத்தான் சொல்றாங்க. எனக்கு அவரு ரெண்டாவது தடவ வந்ததுதாம்ப்பா பெருசு."

அந்த வரலாற்றை நானும் படித்திருக்கிறேன். ஆனால் இப்படி யோசித்ததில்லை. ஜான் டி பிரிட்டோ 1647ல் லிஸ்பனில் பிறந்தவர். அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். இயேசு சபை என்ற துறவற சபையில் சேர்ந்து மதுரை மிஷனுக்கு வந்து, காவி உடுத்து, மரக்கறி உண்டு, அருளானந்தர் ஆனார். 1686ல் ராமநாதபுரத்து மறவர் சீமையில் அவரையும், உடன் வேதம் கற்பித்த உபதேசியார்களையும் பிடித்துக் கட்டித் தொங்கவிட்டார்கள், தண்ணீரில் முக்கினார்கள், சுடுகல்லில் கிடத்தினார்கள். சாவு நிச்சயம் என்றிருந்த நேரத்தில் விடுதலை கிடைத்தது. மறுவருடம் போர்ச்சுக்கலுக்கு அனுப்பப்பட்டார். உடன் வளர்ந்த இளவரசர்தான் அப்போது அரசர். ஊரிலேயே இருந்து தன் மகனுக்குக் கல்வி சொல்லித்தரும்படி கேட்டார். இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 1690ல் திரும்பி வந்தார்.

முதல் தடவை வருபவருக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரியாது. இவருக்குத் தெரியும். சுடுகல்லின் சூடு உடம்புக்கே தெரியும். தெரிந்தே வந்தார். சோதனையைத் தாங்கும் விசுவாசம் என்று நான் நினைத்திருந்தது பயமில்லாத ஒரு வீரம். அது தப்பில்லை, ஆனால் போதாது என்று அன்று பட்டது.

பிறகு நடந்தது பலருக்குத் தெரிந்ததுதான். நோயிலிருந்து குணமான மறவர் சீமைத் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, தன் மனைவியரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவு. முறையீடு போனது, அருளானந்தர் கைதானார், ஓரியூருக்குக் கொண்டுவரப்பட்டார். கொல்லப்படுவதற்கு முந்தின நாள் கரியைக் குழைத்துக் கடிதம் எழுதினார். 1947ல் புனிதர் பட்டம்.

"ஆண்டவர் சொன்ன கதையில பாறை மேல கட்டின வீட்டுக்கும் மழை உண்டுல்ல?" என்றார் அத்தை. நற்செய்தியை எடுத்துப் பார்த்தேன். மத்தேயு ஏழாம் அதிகாரம். ஆமாம், இரண்டு வீட்டுக்கும் அதே மழை, அதே வெள்ளம், அதே காற்று. இவ்வளவு வருடம் கேட்டும் நல்ல வீட்டுக்கு மழை குறைவு என்றே மனதில் எண்ணி வந்திருக்கிறேன்.

அங்கிருந்து சுற்றிக்கொண்டு சருகணிக்கும் போனோம். பிரான்சிலிருந்து வந்து இந்த வறண்ட சீமையிலேயே உழைத்து, 1973ல் கண்மூடிய லெவே அடிகளின் கல்லறை அங்கே இருக்கிறது. அவரை யாரும் வெட்டவில்லை. தினமும் எழுந்து, தினமும் செபித்து, தினமும் ஜனங்களைப் பார்த்தார். டயாலிசிஸ் வார்டில் உட்காரும் வீட்டாருக்கு இவர்தான் இன்னும் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றியது.

சுகம் கேட்டு வேண்டுவதை நாங்கள் விடவில்லை. விடவும் வேண்டாம், சாவுக்கு முந்தின இரவு இயேசுவே கெத்சமனித் தோட்டத்தில் துன்பம் நீங்கக் கேட்டார். அதோடு அத்தை ராத்திரி செபத்தில் ஒரு வரி சேர்த்துச் சொல்வார், இப்போது நானும் சொல்கிறேன்: "ஆண்டவரே, நாளைக்கும் உம்மிடம் வர மனசைத் தாரும்."