அம்மாவின் வலது கால்

அம்மா முதல் தடவை விழுந்தது 2022 கார்த்திகையில், கிணற்றடியில். திருகோணமலை மாரி தெரியும்தானே. நாலு நாள் விடாமல் பெய்தால் கட்டைச் சுற்றிப் பாசி பிடித்துவிடும். நான் ஓடிப் போனபோது இடது கால் மற்றக் காலைவிடக் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. தொடையெலும்பின் கழுத்து முறிந்திருந்தது. இடுப்பு மூட்டில் பாதியை மாற்றினார்கள். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்.

அதன்பிறகு நாங்கள் வைத்தியம் பார்த்தது கிணற்றடிக்குத்தான். தம்பி பாசியைச் சுரண்டி, சொரசொரப்பாகச் சீமெந்து பூசி, கைபிடிக்கக் குழாயும் பூட்டினான். அம்மாவை அந்தப் பக்கமே விடவில்லை. "நீங்கள் இருங்கோ அம்மா, நான் எடுத்துத் தாறன்." ஒரு நாளைக்கு இதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! தண்ணீர் வேண்டுமா, இருங்கோ. வாசலில் யாரோ கூப்பிடுகிறார்களா, இருங்கோ. அவரும் பயத்தில் இருந்துவிட்டார். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் தொடையில் சதையே இல்லை.

2024 தையில் இரண்டாவது தடவை விழுந்தார். இந்த முறை படுக்கும் அறைக்குள், ஒரு சொட்டு ஈரமில்லாத தரையில். இரவு இரண்டு மணிக்குச் சலம் கழிக்க எழும்பியிருக்கிறார். லைட் சுவிட்ச் கதவடியில் இருந்தது. கட்டிலிலிருந்து ஆறேழு அடி இருட்டில் எடுத்து வைக்க வேண்டும். அன்றைக்குத் தடிமன் என்று பார்மசியில் வாங்கிய நித்திரை வரும் குளிசை ஒன்றை நான்தான் கொடுத்திருந்தேன். பிரசர் குளிசை வேறு. இப்போது முறிந்தது வலது பக்கம், கழுத்துக்குச் சற்றுக் கீழே. பிளேட் வைத்தார்கள்.

வார்டில் ஓர் இளம் வைத்தியர் கேட்டார்: "முதல் முறிவுக்குப் பிறகு எலும்பு மெலிவுக்கு என்ன மருந்து எடுத்தவ?"

கிளினிக் கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். கல்சியம் மூன்று மாதம். அதோடு சரி. வேறொன்றும் அதில் இல்லை. அந்த எலும்பு ஏன் முறிந்தது என்று பதினாலு மாதமாக ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நின்ற நிலையில் விழுந்து ஒரு வயதானவருக்கு இடுப்பு முறிந்தால், எலும்பு மெலிந்துவிட்டது என்பதற்கு அதுவே பெரும்பாலும் போதுமான அடையாளம் என்று அவர்தான் விளக்கினார். அப்படி முறிந்தவருக்கு மற்றப் பக்கமும் முறியும் ஆபத்து முதல் ஓரிரு வருடங்களில்தான் அதிகமாம். பிறகு நானும் தேடி வாசித்தேன். 2007இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், இடுப்பு முறிவுக்கு ஒப்பரேஷன் செய்து 90 நாட்களுக்குள் சோலெட்ரோனிக் அமிலம் என்ற எலும்பு மெலிவு மருந்தை ஏற்றி, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை தொடர்ந்திருக்கிறார்கள். மருந்து ஏற்றாதவர்களில் 100க்குக் கிட்டத்தட்ட 14 பேருக்கு உடம்பில் எங்கோ மறுபடி எலும்பு முறிந்தது. ஏற்றியவர்களில் 9 பேருக்கும் குறைவு. இறந்தவர்களும் அந்தப் பக்கம் குறைவு. வாசித்துவிட்டு வெகுநேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இரத்தத்தில் சிறுநீரகமும் கல்சியமும் பார்த்த பிறகு எலும்பு மெலிவுக்கு அலெண்ட்ரோனேட் என்ற குளிசையைத் தொடங்கினார்கள். 70 மில்லிகிராம், கிழமைக்கு ஒன்று. நாங்கள் வெள்ளிக்கிழமை காலையை வைத்துக்கொண்டோம். வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறையப் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு அரைமணி நேரம் படுக்கக்கூடாது, ஒன்றும் சாப்பிடக்கூடாது. படுத்தால் குளிசை உணவுக் குழாயைப் புண்ணாக்கும். எழும்பினவுடன் பிளேன்டீ குடித்தே பழகிய மனுஷி. விறாந்தைக் கதிரையில் நிமிர்ந்து இருந்து, கண்ணை மூடித் தேவாரம் சொல்லுவார். நடுவில் ஒரு கண்ணைத் திறந்து, "நேரம் என்ன பிள்ளை?" என்பார்.

குளிசையைவிடக் கஷ்டமானது கால். கைபிடிக்காமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பது, ஒரு தரத்துக்குப் பத்து என்று பிசியோ மிஸ் சொல்லித் தந்தா. முதல் நாள் இரண்டு, அதுவும் கையை ஊன்றி. இப்போது எட்டு. வோக்கரோடு முருங்கை மரம் வரை போய் வருகிறார். போன மாதம் வோக்கர் ஒரு பக்கம் இழுக்கிறது என்றார். தூக்கிப் பார்த்தால் ஒரு காலின் ரப்பர் மூடி தேய்ந்து உள்ளே இரும்பு தெரிந்தது. அன்றே மாற்றினோம். கண்ணில் பூ, அதாவது வெண்புரை, இருந்ததற்கும் ஒப்பரேஷன் முடிந்தது. சுவிட்ச் இப்போது தலைமாட்டில்.

"இருங்கோ அம்மா" என்று இப்போது நான் சொல்வதில்லை. வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன்.

போன கிழமை பாலையூற்றிலிருந்து சிநேகிதி போன் எடுத்தாள். அவளுடைய மாமிக்கு இடுப்பு முறிந்து ஒப்பரேஷனும் முடிந்துவிட்டதாம், அடுத்த நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். பேனை எடு என்றேன். எலும்பு மெலிவுக்கு மருந்து எப்போது தொடங்குவீர்கள், இரவுக் குளிசைகளில் எதை நிறுத்தலாம், கண்ணை எப்போது பார்க்கலாம். இதையெல்லாம் வீட்டுக்கு வர முதலே கேள் என்றேன். ஒவ்வொன்றாக எழுதினாள்.

"மாமியின்ட கட்டிலுக்கும் சுவிட்ச்சுக்கும் எவ்வளவு தூரம்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பொறு, பார்த்திட்டு வாறன்" என்றாள்.